காளான் பவளம் மூடியிருந்த மாதங்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல் இருக்கிறது. பாறைகளைக் கழித்துவிட்டால் அதன் கொள்ளளவு இருநூற்று இருபது லிட்டர். நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் கொஞ்சம் மணல், துளைகள் நிறைந்த பாறைகள், பண்ணையில் வளர்த்த மென்பவளத் துண்டுகள், பத்தொன்பது நத்தைகள், ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு மீன்கள். மீன்களில் ஒன்று பெரியது, மற்றது சிறியது. நாங்கள் அவற்றைப் பெருசு, சின்னது என்றுதான் சொல்வோம்.

தருமபுரியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு அரை நாள் ஆகும். நான் கடலை நேரில் பார்த்தது மொத்தம் ஆறு தடவை. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் கையாலேயே இருபது லிட்டர் கடல் செய்கிறேன். உப்புச் சத்து எதுவும் இல்லாத ஆர்.ஓ. தண்ணீரில், அதற்கென்று விற்கும் கடலுப்பை லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் வீதம் எடைபோட்டுக் கலக்கி, ஒரு நாள் சுழல விட்டு, தொட்டியில் அதே அளவு பழைய நீரை எடுத்துவிட்டு இதை ஊற்ற வேண்டும். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக உதவியாளராக இருப்பவனுக்கு இது சிரமமான வேலையில்லை. செய்ததைத் தேதியோடு நோட்டில் எழுதி வைப்பதும் எனக்குப் பழக்கம்தான்.

காலையில் நீல விளக்கு மட்டும் எரியும் முதல் அரை மணி நேரம் எனக்குப் பிடித்தது. சுவர், நாற்காலி, என் கை எல்லாம் நீலமாகிவிடும். தொட்டியின் நடுப்பாறையில் காளான் மாதிரி ஒரு பவளம் நிற்கிறது. உள்ளங்கை அகலம். வெளிச்சம் பட்டதும் அதன் தலை முழுக்கச் சின்னச் சின்ன விரல்கள் நீளும். நீரோட்டத்தில் அந்த விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுவது, காற்றடிக்கும்போது கேழ்வரகுக் கொல்லை அசைவது போலிருக்கும். அதற்குள்தான் இரண்டு மீன்களும் உறங்கும். விளக்கு எரிந்த பிறகும் கொஞ்ச நேரம் வெளியே வராமல், பெருசு தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்க்கும். அப்போது நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்கே மறந்துவிடும். தெருவில் பால் வண்டி போகும் சத்தம் வேறு ஏதோ ஊரில் கேட்பது போலிருக்கும்.

தை மாதம் ஒரு ஞாயிறு, தண்ணீர் கேனைத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. முதுகெலும்பின் இடைத்தட்டு விலகியிருக்கிறது என்றார்கள். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. அன்றிலிருந்து ஆர்.ஓ. இயந்திரத்தில் தண்ணீர் பிடித்துக் கேனை நிரப்பி வைக்கும் வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். நான் கல்லூரிக்குப் போன பிறகு நிரப்பி, தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். வெள்ளைக் கேன். அதன்மேல் என் கையெழுத்தில் ‘ஆர்.ஓ. – தொட்டிக்கு மட்டும்’ என்று ஒட்டியிருக்கும். வாராந்திர மாற்றத்துக்கு மட்டுமல்ல, தினமும் ஆவியாகிப் போகும் நீருக்குப் பதில் ஊற்றவும் அதே கேன்தான். எங்கள் ஊர் வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் காற்றோடு போய்விடும். மாலையில் நான் வந்து சின்னச் செம்பால் மொண்டு, கண்ணாடியில் போட்ட கோடு வரை ஊற்றுவேன்.

சித்திரை பிறந்த வாரம் மணலில் பழுப்பாகத் தூசி படிந்தது. கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம் போலிருந்தது. அதைத் துடைத்த பத்தாம் நாள் பாறைகளில் பச்சை தெரிந்தது. முதலில் அழகாகத்தான் இருந்தது. பாறை ஓரத்தில் மெல்லிய பச்சை மயிர், நீரோட்டத்துக்கு ஏற்ப ஆடிக்கொண்டிருந்தது. மே மாதம் முடிவதற்குள் அது விரல் நீளம் வளர்ந்துவிட்டது. முடிப்பாசி. பிடுங்கினால் வழுக்கும், விட்டால் வளரும். பிய்த்த ஒவ்வொரு துணுக்கும் வேறொரு பாறையில் போய் ஒட்டிக்கொள்ளும். காளான் பவளத்தின் தண்டைச் சுற்றியும் ஏறியது. பவளம் முதலில் விரல்களை உள்ளிழுத்துக்கொண்டது. பிறகு மேலே மெழுகு பூசினாற்போல் ஒரு தோல் படிந்து, ஒரு பழைய செருப்புத் துண்டு மாதிரி மூடிக்கொண்டு நின்றது.

மீன்கள் இரண்டும் வீடிழந்தன. நிறைய நேரம் மூடிய காளானைச் சுற்றிச் சுற்றி வரும். பெருசு போய் முகத்தால் உரசிப் பார்க்கும். பிறகு இரண்டும் தொட்டியின் மேல் மூலையில், மோட்டார் குழாயை ஒட்டிப் போய் நிற்கும். சின்னதின் வால் ஓரம் கிழிந்திருந்தது. ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பாசியைப் பற்றி எல்லாரும் முதலில் சொல்வது ஒன்றுதான். உணவு அதிகம். போட்ட உணவு அழுகினால் பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் ஆகும். பாசிக்கு அதுவே உரம். ஆனால் நான் வாரம் இருமுறை செய்த சோதனையில் பாஸ்பேட் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது. நைட்ரேட்டும் அப்படியே. தண்ணீரில் எதுவும் இல்லை, ஆனால் பாசி மட்டும் காடாக இருக்கிறது. இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. வருகிற உரத்தையெல்லாம் பாசியே தின்றுவிட்டால் தண்ணீரில் மீதி எதுவும் தெரியாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் போடும் இரைக்கு எண்ணிக்கை உண்டு. ஒரு வேளைக்கு இருபத்திரண்டு குருணை. அப்படியானால் நான் இல்லாதபோது யாரோ கூடுதலாகப் போடுகிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டுவிட்டேன்.

“பகல்ல நீ கூட ரெண்டு போடறியா?”

“எதுக்குங்க?”

“மீனு பசியா இருக்குதேன்னு.”

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். “போட்டா போட்டேன்னு சொல்ல மாட்டனா? உங்க மீனுக்குத் திருட்டுத்தனமா சோறு போட்டு எனக்கு இன்னா ஆவணும்?”

“திருட்டுன்னு நான் சொன்னனா?”

“மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்குதே, கேன்ல ஒட்டின மாதிரி.”

மறுநாள் நான் ஏழு அறைகள் உள்ள மாத்திரை டப்பா ஒன்று வாங்கி, ஒவ்வொரு அறையிலும் ஒரு நாளுக்கான இரையை எண்ணிப் போட்டேன். இரை டப்பாவை பீரோ மேல் வைத்துவிட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு தொட்டிக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் அவள் உட்காரவில்லை. கேனை மட்டும் தவறாமல் நிரப்பி வைத்தாள்.

பழைய பல் துலக்கியால் பாறைகளைத் தேய்த்தேன். இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையால் தேய்த்து மறுகையில் குழாயைப் பிடித்து உறிஞ்ச வேண்டும். ஊசியில் மருந்து ஏற்றி ஒவ்வொரு பச்சைக் கொத்துக்கும் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் எரிந்த விளக்கை ஆறு மணி நேரமாகக் குறைத்தேன். பாசியைத் தின்னும் நத்தைகள் பதினொன்று இருந்ததைப் பத்தொன்பதாக்கினேன். வைகாசிக் கடைசியில் தொட்டியை மூன்று நாள் இருட்டடித்தேன். வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி இளைத்துப்போகும். இண்டூரில் தக்காளி போட்டிருக்கும் என் மைத்துனர், செடிக்கு அடியில் விரிக்கும் கறுப்பு மல்ச்சிங் ஷீட்டில் ஒரு துண்டு கொடுத்தார். அதைத் தொட்டியைச் சுற்றிப் போர்த்திக் கயிறு போட்டுக் கட்டினேன்.

எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, “இன்னாக்கா, உங்க வூட்ல கடலுக்கு லீவா?” என்று என் மனைவியைக் கேட்டாள்.

“அதுக்குக் கண்ணு ஆப்பரேசன். மூணு நாளு கட்டு பிரிக்கக் கூடாதாம்.”

“பிரிச்சா மீனு கொழம்புக்கு ஆவுமா?”

“ஆவும். டாக்டரு உள்ள இருக்காரு, கேட்டுச் சொல்றேன்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அந்த மூன்று நாளும் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். கறுப்பாக மூடிய ஒரு பெட்டியின் முன்னால் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பார்க்க முடியாதபோது அந்தச் சத்தம் பெரிதாகிக்கொண்டே போனது. மோட்டார் திரும்பும்போதெல்லாம் ஓர் அலை வந்து திரும்புவது போலிருந்தது. வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருக்க, நான் கண்ணை மூடினால் இருட்டில் நீந்துகிற இரண்டு ஆரஞ்சு வெளிச்சங்கள் தெரிந்தன. அவை என்னை எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்றன. விழித்தபோது நாற்காலியில் கழுத்து சாய்ந்திருந்தது. பக்கத்தில் மோர் டம்ளர் இருந்தது. அவள் எப்போது வைத்தாள் என்று தெரியாது.

நான்காம் நாள் பிரித்தபோது பாசி பாதியாகியிருந்தது. பதினைந்தே நாளில் பழையபடி வளர்ந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஆடிப் பதினெட்டுக்குள் காளான் பவளம் திறக்காவிட்டால் மீன்களை அனுப்பிவிடுவது. இதே பொழுதுபோக்கு உள்ள ஒருவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். வங்கியில் வேலை. போனில்தான் பழக்கம். அவரிடம் பெரிய தொட்டி இருக்கிறது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ரயிலில் எங்களுக்கு அருகிலுள்ள மொரப்பூர் நிலையத்தில் வந்து இறங்கினால், பையில் போட்டு ஆக்சிஜன் அடைத்துக் கொடுத்துவிடலாம் என்று பேசி வைத்தேன். என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதற்கு, வீட்டில் கூடுதலாக இரை போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். பேசும்போது அவள் அடுக்களையில் இருந்தாள். காதில் விழுந்திருக்கும்.

மீன்கள் எங்களிடம் வந்து ஏழு வருடம். அவை போய்விட்டால் அந்தத் தொட்டியில் வேறு எதையும் விட எனக்கு மனம் வராது. அதைக் காலி செய்து, கழுவி, மாடியில் கவிழ்த்து வைப்பேன். கூடத்தில் அந்தச் சுவர் வெறும் சுவராகிவிடும். இதெல்லாம் அவளுக்கும் தெரியும். அனுப்ப வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் யோசித்திருப்பேன். ஆனால் அவள் எப்படிச் சொல்வாள்? சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொள்வேன் என்று நினைத்திருக்கலாம்.

ஆடிப் பதினெட்டு அன்று விடுமுறை. ஊரில் பாதிப் பேர் விடியும்போதே ஆற்றுக்குக் கிளம்பிவிட்டார்கள். என் இடுப்புக்கு அவ்வளவு தூரம் பேருந்து ஆகாது என்பதால் நாங்கள் போகவில்லை. வீட்டிலேயே சாமிக்கு வைக்க அவள் பித்தளைச் சொம்பை விளக்கி எடுத்துக்கொண்டு, அடுக்களை மூலையில் இருக்கும் நீல டிரம்மைத் திறந்தாள். ஒன்றுவிட்டு ஒரு நாள் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் அதில்தான் இருக்கும்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஃபுளோரைடு மிகுந்த போர் தண்ணீர் குடித்துப் பல்லில் பழுப்புக் கறை விழுந்த தலைமுறை நாங்கள். ஆற்றுத் தண்ணீர் வரத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு வீட்டிலும் அதற்கென்று தனிப் பாத்திரம் வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதிலிருந்துதான் கொடுப்போம். கை கழுவ, பாத்திரம் கழுவ, வேறு எதற்கும் அதைத் தொடமாட்டோம்.

அவள் சொம்பை நிரப்பி சாமி அறையில் வைத்துவிட்டு வந்தாள். அதே குவளையால், அதே டிரம்மிலிருந்து, வெள்ளைக் கேனுக்குள் ஊற்ற ஆரம்பித்தாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேனில் என் கையெழுத்து.

“அது இன்னா தண்ணி?”

“ஆத்துத் தண்ணிதான்.”

“எப்பத்துல இருந்து?”

அவள் நிமிர்ந்தாள். “பங்குனியில போர் எறங்கிப் போச்சில்ல, அப்பத்துல இருந்து. அந்த மெசினு ஒரு கொடம் குடுக்கறதுக்கு மூணு கொடத்த வெளிய தள்ளுது. குளிக்கவே தண்ணி இல்லாதப்ப அத எப்டிங்க சும்மா சாக்கடையில உடறது? அதுவும் செத்த தண்ணி, ஒரு ருசி கெடையாது. வந்தவங்களுக்குக் குடுக்கறத உட நல்ல தண்ணி நம்ம வூட்ல வேற ஏது?”

“எனக்கு ஏன் சொல்லல?”

“சொல்லறதுக்கு இன்னா இருக்குது? நமக்குன்னு புடிச்சதுல இருந்துதான ஊத்தறேன்.”

ஒவ்வொரு ஞாயிறும் நான் ஆர்.ஓ. இயந்திரத்தின் வாயில், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறேன். பதினொன்று, பன்னிரண்டு என்று நோட்டில் பத்துப் பக்கம் இருக்கிறது. கேனுக்குள் ஒருநாளும் மீட்டரை விட்டதில்லை. எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறோமோ அதிலிருந்துதான் மாதிரி எடுக்க வேண்டும் என்று ஆய்வகத்தில் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவன் நான்.

மீட்டரைக் கொண்டுவந்து கேனில் விட்டேன். இருநூற்று நாற்பது காட்டியது.

குடிப்பதற்கு அது நல்ல எண். மலையும் மண்ணும் தாண்டி வருகிற ஆற்று நீரில் கொஞ்சம் சிலிக்கா, கொஞ்சம் பாஸ்பேட், கொஞ்சம் நைட்ரேட் இருக்கத்தான் செய்யும். நமக்கு அதனால் ஒன்றுமில்லை. ஆனால் தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். கரைந்திருப்பது அங்கேயே தங்கிவிடும். தினமும் மூன்று லிட்டர் என்றால், பங்குனியிலிருந்து ஏறக்குறைய நானூறு லிட்டர் ஆற்றின் சத்தை அந்த இருநூற்று இருபது லிட்டருக்குள் வடித்து இறக்கியிருக்கிறோம். ஊற்றியதும் என் கைதான். முதலில் வந்த பழுப்புத் தூசிக்கு உணவு சிலிக்கா. பின்னால் வந்த பச்சைக்கு மற்றவை.

அவளிடம் மெதுவாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான் ஊத்தனது வெஷமா?”

“வெஷம் இல்ல. நாம குடிக்கறதுதான். அதுங்களுக்கு அது சோறு மாதிரி. தெனமும் விருந்து வெச்சிட்டோம். மீனு சாப்பிடல, பாசி சாப்பிட்டுது.”

அவள் குவளையை டிரம்மின் மேல் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்: “மீன அனுப்பறதுனா அனுப்புங்க. ஆனா நான் கூடப் போட்டுட்டேன்னு அந்தக் கோயமுத்தூர்காரர்கிட்ட சொல்லியிருக்கீங்க. அத மொதல்ல மாத்திச் சொல்லுங்க. இப்பவே.”

போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தொட்டிக்கு எதிர் நாற்காலி.

“சொல்லுங்க சார், ஞாயித்துக்கிழமை டிக்கெட் போட்டாச்சுங்க,” என்றார் அவர்.

“சார், நான் உங்ககிட்டத் தப்பாச் சொல்லிட்டேன். இரை எங்க வீட்டுல யாரும் கூடப் போடல. தண்ணிதான் காரணம். கேன்ல இருந்தது ஆத்துத் தண்ணி. நான் அளந்து பார்க்கல.”

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. “மீட்டர் வெச்சிருக்கீங்களே, அதை எதுக்குங்க வெச்சிருக்கீங்க, முதுகு சொறியவா?”

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

“பக்கத்துல அக்கா இருக்காங்களா? அக்கா, சாரை மன்னிச்சிருங்க. மீனு உங்ககூடவே இருக்கட்டுங்க. வாரா வாரம் நல்ல ஆர்.ஓ. தண்ணியில உப்புப் போட்டு மாத்துங்க. பாசியப் புடுங்கிப் புடுங்கி வெளிய எடுங்க. இன்னும் கொஞ்ச நாளைக்கு வளரத்தான் செய்யும், பயந்துக்கக் கூடாது. மூணு மாசத்துல அடங்கிரும்.”

“சின்னது சரியாத் தின்ன மாட்டேங்குதுங்களே,” என்றாள் அவள்.

“பூண்டு நசுக்கின சாறு ஒரு சொட்டு இரையில வுட்டுப் பாருங்க அக்கா.”

அன்று சாயங்காலம் பீரோ மேலிருந்து இரை டப்பாவை எடுத்து அவளிடம் கொடுத்தேன். நோட்டில் சித்திரையிலிருந்து நான் அவளைப் பற்றி எழுதியிருந்த சந்தேகத்தையும் படித்துக் காட்டினேன். “கோழிக் கிறுக்கலா இருந்தா படிச்சிருக்கவே மாட்டேன். அழகா வேற எழுதி வெச்சிருக்கீங்க,” என்றாள். ஏற்கெனவே படித்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் பூண்டு உரிக்கப் போனாள்.

இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடிக்க இரண்டு வாளி வைத்தாள். வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. கேன் நிரம்பியதும் அவளே மீட்டரை விட்டு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மூடினாள். ஆவணி முழுக்க பாசி குறைந்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நான் தேய்க்க, அவள் குழாயைப் பிடித்து உறிஞ்சினாள். புரட்டாசியில் பிடுங்கின இடத்தில் பாசி திரும்ப வரவில்லை. நத்தைகள் அந்த இடங்களில் வெள்ளையாகப் பாதை போட்டுக்கொண்டு போயின. காளான் பவளத்தின் மேல் இருந்த மெழுகுத் தோல் ஒருநாள் கிழிந்து, நீரோட்டத்தில் மெல்லிய துணி போல மிதந்து போனது. அப்போதும் அது திறக்கவில்லை. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. வத்தல்மலைப் பக்கம் மேகம் இறங்கி, பகலிலேயே கூடம் இருண்டு கிடந்தது.

ஒரு வியாழக்கிழமை, நான் ஆய்வகத்தில் பியூரெட்டுகளைக் கழுவி நிறுத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“ஏங்க, ஒரு ஓரம் தொறந்திருக்குதுங்க.”

“எவ்வளவு?”

“ஒரு ரூபா அகலம். விரலுங்க சின்னச் சின்னதா நீட்டிக்கிட்டு இருக்குது.”

“மீனு?”

“பெருசு வந்து ஒரசிப் பாத்துது. இப்ப உள்ள போயி குந்திக்கிச்சு. சின்னது இன்னும் மோட்டாருகிட்டயே நிக்குது. இருங்க, போன வைக்காதீங்க.”

நான் வைக்கவில்லை. மேசை விளிம்பில் சாய்ந்து நின்றேன். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. போனில் எங்கள் வீட்டுத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, எது எங்கே பெய்கிறது, எது எங்கே ஓடுகிறது என்று பிரிக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு நிமிடம் இருக்கும். அவள் மூச்சு விடும் சத்தம் மட்டும் அருகில் கேட்டது.

பிறகு அவள் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“வருதுங்க.”